மனுவில் எழுதிய வண்டி

ராயபுரத்தில் எங்கள் அப்பாவின் மண்டிக்குக் கிழிந்த கோணிகளைத் தைத்துக் கொடுத்தவர் கோதண்டம். துறைமுகத்தில் ரயில் பெட்டிகளை மாட்டும்போது இரண்டு கால்களும் முழங்காலுக்கு மேலேயே போய்விட்டன. நான்கு இரும்புச் சக்கரம் பூட்டிய பலகையில் உட்கார்ந்து, கைக்கு ஒரு மரக்கட்டை பிடித்துத் தரையை உந்திக்கொண்டு வருவார். பலகை என்று யாராவது சொன்னால் கோபம் வரும். "வண்டின்னு சொல்லு நைனா" என்பார்.

ஐம்பத்தொன்றில் அவர் மகள் புஷ்பவல்லிக்கு ஆறு வயது. தெருப் பிள்ளைகள் எல்லாம் உயிர்க்காலேஜ் போய்ச் சிங்கம் பார்த்துவிட்டு வந்து பீற்றிக்கொண்டார்கள். மிருகக்காட்சி சாலைக்கு எங்கள் பக்கத்தில் அதுதான் பெயர். அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவாள்; நைனாவோடுதான் போவேன் என்று புஷ்பவல்லி ஒரே பிடிவாதம். அவருக்கும் அதே ஆசை. கூட்டிக்கொண்டு போனார். சக்கரத்தைப் பார்த்த காவல்காரர், ஆபீசில் எழுதி வாங்கி வரச் சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார்.

"தங்கச்சி, நீ இங்கிலீசு படிச்சிகீற. என் வண்டிய உள்ள வுடச் சொல்லி ஒரு மனு எழுதிக் குடேன்."

எழுதினேன். பிழையில்லாமல் எழுதுகிறவள் என்று பள்ளியில் பெயர் வாங்கியிருந்தேன். வண்டி என்று அவர் சொன்ன இடத்தில் இங்கிலீஷில் கார்ட் என்று போட்டேன். கால் இல்லாதவர் என்று ஒரு வரி எழுதவில்லை. அவர் சொல்லவில்லை, எனக்கும் அதை எழுதக் கூச்சமாக இருந்தது.

மூன்று வாரத்தில் பதில் வந்தது. கார்ட்டுகளுக்கு உள்ளே அனுமதி இல்லை. மாட்டுவண்டி என்றோ கைவண்டி என்றோ நினைத்திருப்பார்கள். படித்த உடனே எனக்குப் புரிந்துவிட்டது.

"இன்னா சொல்றான்?"

"வண்டி கூடாதாம், அண்ணே. வேறு மாதிரி எழுதிப் பார்க்கட்டுமா?"

"வோணாம் தங்கச்சி. நீ எழுதியே ஆவல. இன்னும் யாரு எழுதி ஆவப்போவுது?"

முதல் மனுவில் என்ன தப்பு என்று சொல்லாமல் இரண்டாவதற்கு அவரைச் சம்மதிக்க வைக்க முடியாது. அதைச் சொல்லாமல் கடிதத்தை மடித்து அவர் கையில் கொடுத்துவிட்டேன்.

அடுத்த ஞாயிறு எல்லோரும் உயிர்க்காலேஜ் போனோம். அவர் வாசலிலேயே இருந்துகொண்டார். அவர் மனைவி கெங்கம்மாவும் நானும் அழுத பிள்ளையை உள்ளே இழுத்துப் போனோம். கம்பி வரைக்கும் வந்து சிங்கம் கர்ஜித்தது. புஷ்பவல்லி கண்ணை அகல விரித்துப் பார்த்தாள்.

வெளியே வந்ததும் ஓடிப்போய் அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

"சிங்கம் எப்டி கீது?"

"தூங்கினு இருந்திச்சி நைனா. மூஞ்சியே காட்டல. நீ வந்திருந்தாலும் பாத்திருக்க மாட்டே."

"தூக்கத்துலயா அப்டி கத்திச்சி? இங்க வரைக்கும் கேட்டுதே!"

பிள்ளை அவர் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டது. கெங்கம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"நீ சொல்லு தங்கச்சி. நீ பொய் சொல்ல மாட்டே."

பிடரி என்ன நிறம், வால் எவ்வளவு நீளம், எத்தனை தடவை திரும்பித் திரும்பி நடந்தது, எல்லாம் சொன்னேன். வீடு திரும்பும் வழியில் யானைக்கவுனி வரும்வரை சொல்லிக்கொண்டே வந்தேன். மனுவில் நான் போட்ட அந்த ஒரு சொல்லை மட்டும் சொல்லவில்லை.