குடுவைக்குள் மட்டும் பசுமை

மும்பை டிராம்பேயில் வாசனைப் பொருள் தயாரிக்கும் ஒரு கம்பெனி. அதன் லேபில் நான், பிளான்டில் என் அண்ணன். தாராவியிலிருந்து ஒரே பஸ்ஸில் போவோம். கேட்டுக்குள் நுழைந்ததும் பிரிந்துவிடுவோம்.

பிளான்டில் ஆக்சிஜனேற்றத்துக்கு ஆரஞ்சு நிறக் குரோமிய உப்பைக் கொட்டுவார்கள். வேலை முடிந்ததும் அது விஷச் சேறாக அடியில் தங்கும். அதைச் சுரண்டுவது அண்ணனின் வேலை. அந்த உப்பே வேண்டாத ஒரு வழியைக் கண்டுபிடிப்பது என் வேலை. ஒரு என்சைம், சர்க்கரையையும் காற்றையும் வைத்துக்கொண்டு பெராக்சைடைக் கொஞ்சம் கொஞ்சமாக உண்டாக்கும். கூட இருக்கும் இரும்பு வினையூக்கி அதைக் கொண்டு ஆக்சிஜனேற்றத்தை முடிக்கும். ஆனால் இரும்பு பட்டால் என்சைம் செத்துவிடும். இரண்டு வருஷம் செத்துக்கொண்டே இருந்தது. கடைசியில் அதை ஜவ்வரிசி மாதிரியான ஜெல் மணிகளுக்குள் வைத்தேன். குடுவையில் எல்லாம் சரியாக நடந்தது.

அந்த வாரம் அண்ணனுக்கு மூக்கில் ரத்தம் நிற்கவே இல்லை. டார்ச் அடித்துப் பார்த்த டாக்டர், மூக்கின் நடுச்சுவரில் ஓட்டை, குரோமியம் தின்றது என்றார்.

மறுநாளே மேனேஜரிடம் போனேன். மாட்டுங்காத் தமிழர், என்னிடம் தமிழில்தான் பேசுவார்.

“பிளான்ட்ல எப்ப சார் மாத்தப் போறோம்?”

“அதுக்கெல்லாம் டைம் ஆகும்மா. வெளிநாட்டு பையர் வரான். உன் குடுவையைக் காட்டிடு, போதும்.”

போதுமாம்.

சரக்கு வாங்கும் பையர்கள் வந்தார்கள். குடுவையைப் பார்த்த ஒரு பெண், பிளான்டிலும் இதே முறைதானா என்று கேட்டாள். மேனேஜர் கூசாமல் ஆமாம் என்றார்.

“இல்லை” என்றேன். “அங்கே இன்னும் குரோமியம்தான். சுரண்டுகிறவன் என் அண்ணன். அவன் மூக்கில் ஓட்டை.”

சாயங்காலமே ராஜினாமா எழுதி வாங்கிக்கொண்டார்கள். வீட்டில் அண்ணன் என்மேல் பாய்ந்தான்.

“ஏட்டி, என் மூக்கைப் பத்திப் பேச ஒன்ட்ட எவன் சொன்னான்? என்னையும் வெளிய தள்ளுனா என்ன செய்வ?”

“ஒனக்கு ஒரு நல்ல மாஸ்க் குடுத்தானுவளா அண்ணே?”

அவன் சாப்பிடாமல் படுத்துவிட்டான்.

அவனை வெளியே தள்ளவில்லை, பேக்கிங்குக்கு மாற்றினார்கள். இப்போது கோவண்டியிலிருந்து வரும் ஒருவர் சுரண்டுகிறார். பையர் விடாப்பிடியாக நின்றதால் ஒரே ஒரு சின்ன ரியாக்டரில் என் மணிகள் ஓடுகின்றன. மற்றதெல்லாம் அதே ஆரஞ்சு. கம்பெனி விளம்பரத்தில் என் குடுவையின் படம், பக்கத்தில் ஒரு பச்சை இலை. இலையாம்!

நான் செம்பூரில் ஒரு கல்லூரி லேபில் சேர்ந்துவிட்டேன். தொழிற்சாலை ஆய்வாளருக்குக் குரோமியம் பற்றி இரண்டு மனு போட்டேன், பதில் இல்லை. மூன்றாவது எழுதும்போது அண்ணன் டாக்டர் சீட்டை மேஜையில் வைத்தான்.

“எம் பேரைத் தெளிவா எழுது” என்றான்.