கூந்தலைப் பிடித்து இழுத்தவள்

போன ஆடிச் சாரலில் அண்ணன் மனைவியான மதினியோடு தென்காசியிலிருந்து வண்டி கட்டிக்கொண்டு குற்றாலம் போனேன். அருவியில் நின்றபோது யாரோ ஒருத்தி என் கூந்தலைப் பிடித்து இழுத்தாள்.

“ஏட்டி, கிறுக்கு புடிச்சிருக்கா? விடுட்டி!” என்று ஏசினேன். அவள் கரைவரை விடவே இல்லை. மறுநொடி, நான் நின்ற இடத்தில் செம்மண் வெள்ளமும் மரக்கட்டைகளும் வந்து விழுந்தன. முகத்து நீரை வழித்துவிட்டுத் திரும்பினால் அவளைக் காணவில்லை.

“அந்தப் பிள்ளைட்ட ஒரு நல்ல வார்த்தை சொன்னியாட்டி?” என்று மதினி கேட்டாள். கூட்டத்துக்குள் ஓடினேன். தேடியும் அவள் அகப்படவில்லை.

சாரல் ஓய்ந்து மாதங்கள் ஆகியும், யார் எது செய்தாலும் அப்போதே நன்றி சொல்லிவிடுகிறேன். ஆனால் அப்படிச் சொல்லத் தொடங்கிய முதல் நாள், “நெதமும் ஒங்க கையாலதான் சாப்பிடுதேன், நல்லாருக்கணும் மதினி” என்றபோது, மதினி பதறிப்போய் என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

“என்னட்டி, காய்ச்சலா அடிக்குது?”

விதவையாகி அண்ணன் வீட்டுக்கு வந்த நாளிலிருந்து எனக்குச் சோறு போடுகிறவள் அவள்.