ஊர் பேர் தெரியாத பாட்டு

மகளுடைய முதல் ஆல்பத்துக்கு அம்மா என்ன செய்தாள் என்று கேட்டால், திரைச்சீலை தைத்துக் கொடுத்தாள் என்றுதான் அக்கம்பக்கத்தில் சொல்வார்கள். அது பொய்யில்லை. ஒலிப்பதிவுக் கூடம் ஒரு டயர் கடைக்கு மேல்மாடியில் இருந்தது. கீழே டயர் கழற்றுகிற சத்தம் மேலே படியேறி வந்துகொண்டே இருந்தது. ஒலிப்பதிவு செய்பவருக்குத் தலையில் ஒரு முடி கிடையாது. எல்லோரும் அவரை மொட்டை என்றுதான் கூப்பிடுவார்கள். அவரும் போனை எடுத்தால் "மொட்டை பேசறேன்" என்பார். சுவரோரம் பழைய மெத்தைகளை நிறுத்திப் பார்த்தார், முட்டை அட்டைகளை ஒட்டிப் பார்த்தார். சத்தம் நிற்கவில்லை. கடைசியில் பாட வந்த பெண்ணே, "எங்கம்மா திரை தைக்கிறவங்க. நல்ல கனமா மூணு துணி வெச்சுத் தைக்கச் சொல்றேன்" என்றாள். அப்படித்தான் அம்மா அந்த மாடிக்கு வந்தாள். வராமலே இருந்திருக்கலாம் என்று அந்த வாரம் முழுக்க நினைத்தாள்.

அவர்கள் வீட்டில் பேச்சு குறைவு, சத்தம் அதிகம். அப்பாவுக்கு ரேடியோ பழுது பார்க்கும் வேலை. முன்னறைதான் கடை. மேசைமேல் வயிறு திறந்து கிடக்கும் ரேடியோக்களில் ஒன்று செய்தி வாசிக்கும், ஒன்று பாடும், ஒன்று வெறுமனே இரையும். மனிதர் மட்டும் வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்பது போல இருப்பார். மகள் அந்த மேசைக்கு அடியில்தான் வளர்ந்தாள். பேச்சு வருமுன்பே பாட்டு வந்துவிட்டது. இரண்டு நிலையங்கள் கலந்து வந்தால் இரண்டையும் கலந்தே பாடுவாள். செய்தியைக்கூட மெட்டுப் போட்டுப் பாடுவாள். "வெள்ளத்தில் பாலம் உடைந்தது" என்று அவள் உருகி உருகிப் பாடியதைக் கேட்டு அப்பா ஒருமுறை சிரித்துவிட்டார். அந்த மனிதருக்குப் பல் இருப்பதே அன்றுதான் அம்மாவுக்குத் தெரிந்தது.

பள்ளிக்கூடத்தில் பாட்டு டீச்சர் அவளை முதல் நாளே பின்வரிசைக்கு அனுப்பினார். "சளி போனதும் முன்னால வா" என்றார். அது சளியில்லை, குரலே அப்படித்தான். ஏழு வயதுப் பெண்ணின் தொண்டைக்குள் நாற்பது வயதுக்காரி ஒருத்தி குடியிருந்தாள். ஆண்டு விழாவில் அவளை வாயை மட்டும் அசைக்கச் சொன்னார்கள். வீட்டுக்கு வந்து தேம்பித் தேம்பி அழுதவளிடம் அம்மா, "சளி உனக்கில்ல, அந்த டீச்சர் காதுல" என்றாள். பெண் அழுகையினூடே சிரித்துவிட்டாள். ஆனால் அதற்குப் பிறகு வீட்டைத் தவிர வேறெங்கும் பாடவில்லை.

படிப்பு முடிந்ததும் பஸ் நிலையத்தில் அறிவிப்பு செய்யும் வேலை கிடைத்தது. "மூன்றாவது நடைமேடையில் நிற்கும் பேருந்து இன்னும் சற்று நேரத்தில் புறப்படும்" என்று அவள் சொன்னால், போகாதே என்று கையைப் பிடித்து இழுப்பது போலிருக்கும். பயணிகள் காரணம் தெரியாமல் ஒருதரம் திரும்பிப் பார்ப்பார்கள். பஸ்ஸுக்காக நின்றிருந்த மொட்டையும் திரும்பிப் பார்த்தார். பஸ்ஸை விட்டுவிட்டு அறிவிப்பு அறையின் கண்ணாடியைத் தட்டினார்.

"பாடுவியா பாப்பா?"

"பாட விட்டா பாடுவேன்."

அன்றிலிருந்து வேலை முடிந்ததும் நேராக அந்த மாடிக்குப் போனாள். செருப்பைக் கழற்றிவிட்டு, வெறுங்காலோடு மைக் முன்னால் நின்று, ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் பாடினாள். கீபோர்டு வாசிக்கும் பையனும் அவளும் சேர்ந்து ஒன்பது பாட்டுகள் கட்டினார்கள். எல்லாம் நன்றாக இருந்தன. குறை சொல்ல ஒன்றுமில்லை, தலையில் வைத்துக்கொண்டு ஆடவும் ஒன்றுமில்லை.

அம்மா திரைகளைத் தூக்கிக்கொண்டு வந்த அன்று, மகள் தொண்டையைப் பழக்குவதற்காகச் சின்ன வயதிலிருந்தே தெரிந்த ஒரு தாலாட்டைச் சும்மா பாடினாள்.

*கண்ணை மூடு கண்ணே, கதவு காத்திருக்கு,*
*வண்டி வரும் நேரமாச்சு, வழி பார்த்திருக்கு.*
*நீ தூங்கும் நேரத்துல நான் நடக்கணும்,*
*நீ முழிக்கும் நேரத்துல தூரம் போகணும்.*

மொட்டை சத்தம் போடாமல் பதிவுப் பொத்தானை அழுத்தினார். பாட்டு முடிந்தபோது அவர் மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தார். "எங்கம்மா மில்லுக்கு வேலைக்குப் போவாங்க. நான் தூங்கினப்புறம்தான் போவாங்க. அவங்க கதைதாம்மா இந்தப் பாட்டு" என்றார். கீபோர்டுக்காரன், செத்துப்போகிற ஒரு தாயின் பாட்டு என்று அடித்துச் சொன்னான். ஆளுக்கொரு கதை கட்டிவிட்டார்கள். பாட்டின் கதை உண்மையில் தெரிந்த ஒரே ஒருத்தி, வாயில் குண்டூசியைக் கவ்விக்கொண்டு ஸ்டூல்மேல் நின்றிருந்தாள்.

மகளுக்கு அப்போது இரண்டு வயது, அம்மாவுக்கு இருபத்தொன்று. புருஷன் அடிக்கவில்லை, குடிக்கவில்லை, சம்பாதித்ததை அப்படியே கையில் கொடுத்தார். பேசவில்லை, அவ்வளவுதான். பேசாததற்காக ஒருத்தி வீட்டை விட்டுப் போவாளா என்று ஊர் கேட்கும். சுவரோடு குடித்தனம் நடத்திப் பார்த்தவர்கள் அப்படிக் கேட்கமாட்டார்கள். வேறு ஊரில் ஆஸ்பத்திரித் துணி வெளுக்கிற இடத்தில் அவளுடைய அக்கா வேலை பார்த்தாள். "இங்க ஒரு ஆளுக்குத்தான் இடம் இருக்கு. நீ மட்டும்னா வா" என்று அக்கா சொல்லியிருந்தாள். அப்பா மத்தியானத்தில் வீடு வீடாகப் போய் வேலை பார்ப்பார். ரயிலும் மத்தியானம்தான். குழந்தை தூங்கியதும், கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள் என்று பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டுக் கிளம்ப வேண்டியது. கதவுக்குப் பின்னால் பை தயாராக இருந்தது.

குழந்தை தூங்கினால்தானே! பாடினால் சமர்த்தாகக் கிடக்கும், நிறுத்தினால் கண்ணைத் திறக்கும். என்ன பாடுவது? நெஞ்சில் இருந்ததையே பாடினாள். இரண்டு வயதுக்கு அர்த்தம் தெரியவா போகிறது? தூங்கு, எனக்கு நேரமாகிறது என்பதுதான் மொத்தப் பாட்டும். மடியில் கிடந்தவள் மகாராணி மாதிரி கொட்டக் கொட்ட விழித்துக்கொண்டு கேட்டாள். தூரத்தில் ரயில் ஊதிவிட்டுப் போகும். மறுநாள் பாட்டில் இன்னும் இரண்டு வரி கூடும்.

போக வேண்டும் என்ற நினைப்பு, காய்ச்சல் இறங்குவது போல மெதுவாகத்தான் இறங்கியது. திரை தைக்கும் பட்டறையில் வேலை கிடைத்தது. அங்கே வாய் வலிக்கப் பேச ஆட்கள் இருந்தார்கள். பையிலிருந்த துணிகள் ஒவ்வொன்றாக அலமாரிக்குத் திரும்பின. பாட்டை மட்டும் மகள் விடவில்லை. தன்னை விட்டுப் போவதற்காகக் கட்டிய பாட்டுக்குத் தானே கயிறு தாண்டிக் குதித்து விளையாடினாள். அப்போதெல்லாம் அம்மா தையல் மெஷினை வேகமாக மிதிப்பாள்.

ஆல்பத்தை வெளியிடும் கம்பெனியிலிருந்து வந்த அம்மணி, தாலாட்டோடு சேர்த்துப் பத்துப் பாட்டையும் கேட்டுவிட்டு, அந்தப் பத்தாவதை மட்டும் மறுபடி போடச் சொன்னாள். பிறகு, "யாரு எழுதினது, யாரு மெட்டு?" என்றாள்.

"தெரியாது. எங்கம்மா பாடுவாங்க" என்றாள் மகள்.

"ஊர் பேர் தெரியாத பாட்டை நான் எப்படிப் போடறது? நாளைக்கே ஒருத்தர் வந்து இது என் பாட்டுன்னு சட்டையைப் பிடிச்சா யாரு பதில் சொல்றது? யாருன்னு கண்டுபிடிச்சுட்டு வாங்க. இது இல்லேன்னா மத்ததெல்லாம் நல்லாத்தான் இருக்கு. நல்லாத்தான் இருக்குங்கற ஆல்பம் எங்க ஆபீஸ்ல மலை மாதிரி கிடக்கு."

அன்று மகள் வீட்டுக்கு வந்து மெஷின் பக்கத்தில் உட்கார்ந்தாள். "அம்மா, நல்லா யோசிச்சு சொல்லு. யார்கிட்ட கத்துக்கிட்டே? பெரியம்மாகிட்டயா?"

"ஞாபகம் இல்ல கண்ணு. ரேடியோவுல கேட்டிருப்பேன்."

முன்னறையிலிருந்து அப்பாவின் குரல் வந்தது. "எந்த ரேடியோவுலயும் அது வரல."

அந்த நாளில் அவர் பேசிய ஒரே வாக்கியம் அதுவாகத்தான் இருக்கும். இத்தனை வருஷம் வாயை மூடிக்கொண்டிருந்த மனிதர் அதைத் திறக்க நேரம் பார்த்தாரே என்று அம்மாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவருக்கு என்ன தெரியும், எவ்வளவு தெரியும் என்று நினைத்ததும் கோபம் அடங்கி, நூலைக் கோக்கிற சாக்கில் குனிந்துகொண்டாள்.

நான்தான் கட்டினேன் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் ஆல்பம் வெளிவந்துவிடும். அது அம்மாவுக்குத் தெரியாதா? ஆனால் யாரோ கட்டிய பாட்டாக இருக்கிறவரைக்கும் அதிலுள்ள வண்டி யாரோ ஏறப்போகிற வண்டி. இவள் கட்டியது என்று ஆகிவிட்டால், வண்டி எங்கே போகிறது, மடியில் கிடக்கிற குழந்தை யார் என்று மகள் கேட்காமல் இருப்பாளா? சொன்னால் மகளின் மனசு உடையும், சொல்லாவிட்டால் மகளின் பாட்டு போகும். வாயை மட்டும் அசைக்கச் சொல்லி ஒருமுறை அவளை நிறுத்திவைத்தது போதாதா? அந்த வாரம் அம்மா தைத்த திரைகளில் பாதியைப் பிரித்துத் தைக்க வேண்டியிருந்தது.

கடைசித் திரையை மாட்டப் போன அன்று கீபோர்டுக்காரன் ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருந்தான். கெட்டவன் இல்லை, உதவி செய்வதாகத்தான் நினைத்தான்.

"நானே எழுதினதா என் பேரைப் போட்டுக்கலாம். கொஞ்சம் மாத்திட்டா ஒருத்தரும் கேக்க முடியாது. வண்டிங்கறது நல்லாவே இல்ல. நிலான்னு வெச்சுக்கலாம். 'நிலா வரும் நேரமாச்சு, வழி பார்த்திருக்கு.' எப்படி?"

மகள் முகம் தொங்கிப்போயிற்று. ஆனாலும் பாடிப் பார்த்தாள். நிலா வரும் நேரமாச்சு. மொட்டை தலையைச் சொறிந்தார்.

"அந்த வரியில கை வைக்காதீங்க."

எல்லோரும் நிமிர்ந்து பார்த்தார்கள். ஸ்டூல்மேல் நின்ற அம்மாவுக்கே தன் குரலா அது என்று இருந்தது.

"நிலா வந்தா அவ எதுக்குப்பா அவசரப்படணும்? நிலா என்ன, விட்டுட்டுப் போயிடுமா? வண்டிதான் நிக்காது. அது வண்டிதான்."

"உங்களுக்கு எப்படிம்மா தெரியும்?" என்றான் கீபோர்டுக்காரன்.

"கட்டினவளுக்குத் தெரியாதா?"

இத்தனை வருஷம் கட்டிக்காத்தது ஒரு நொடியில் வாயை விட்டுப் போய்விட்டது. மொட்டை துள்ளிக் குதித்தார். "திரைக்காரம்மா! வீட்டுக்குள்ளயே ஆளை வெச்சுக்கிட்டா ஊரெல்லாம் தேடினோம்!" என்று கம்பெனி அம்மணிக்குப் போன் போட ஓடினார். கீபோர்டுக்காரன் கை தட்டினான். மகள் மட்டும் அசையாமல் நின்றாள். உதடு அசைவதை அம்மா பார்த்தாள். பாட்டை முதல் வரியிலிருந்து, முதல்முறையாக அர்த்தத்தோடு, தனக்குள் சொல்லிப் பார்க்கிறாள். பிறகு செருப்பைக்கூடப் போடாமல் வெளியே போனாள்.

அம்மா பின்னாலேயே போனாள். மகள் மாடிப்படியில் உட்கார்ந்திருந்தாள். கீழேயிருந்து ரப்பர் வாடை வந்தது. அம்மா ஒரு படி தள்ளி உட்கார்ந்தாள்.

"எந்த வண்டி?"

"ரயில். பெரியம்மா ஊருக்கு."

"என்னையும் கூட்டிக்கிட்டுத்தானே?"

இல்லை என்று அம்மா தலையாட்டினாள்.

மகள் வெகுநேரம் பேசவில்லை. அப்பாவின் பெண்தானே என்று அம்மாவுக்குத் தோன்றியது. பிறகு மகள் திரும்பாமலே கேட்டாள்: "அப்போ நான் தூங்காததாலதான் நீ இருந்தே. தூங்கியிருந்தா போயிருப்பே. அப்படித்தானே?"

"ஒரு நாள் தூங்கினே."

மகள் திரும்பினாள்.

"நல்லாத் தூங்கிட்டே. பை தோள்ல இருந்துச்சு. கதவு திறந்துதான் இருந்துச்சு. ஓடினா ரயிலைப் பிடிச்சிருக்கலாம்."

"அப்புறம்?"

"பாட்டு முடியல. இன்னும் ரெண்டு வரி மனசுல வந்து நின்னுச்சு. பாடிட்டுப் போலாம்னு உக்காந்தேன்."

"நான்தான் தூங்கிட்டேனே. யாருக்குப் பாடினே?"

"தெரியல கண்ணு. உன் மூஞ்சியைப் பாத்துக்கிட்டே பாடினேன்."

மகளுக்கு அழுகை வந்தது. துடைத்துக்கொண்டாள், மறுபடி வந்தது. அம்மா கை நீட்டினாள். மகள் அந்தக் கையைப் பிடிக்கவில்லை, தள்ளிவிடவும் இல்லை.

"உன் மேல கோபம் போகுமா போகாதான்னு இப்போ சொல்லத் தெரியல. ஆனா அந்த ரெண்டு வரி எனக்குத் தெரியாது."

"உனக்கெப்படித் தெரியும்? அன்னிக்கு ஒரு நாள்தான் பாடினேன். நீதான் தூங்கிட்டியே."

"இப்போ முழிச்சுக்கிட்டுத்தான் இருக்கேன். பாடு."

அம்மாவுக்குக் குரல் ஒன்றும் பிரமாதமில்லை. டயர் கடைச் சத்தத்துக்கு நடுவில், பயந்து பயந்துதான் பாடினாள்.

*வண்டி போயிடுச்சு கண்ணே, சத்தம் கேட்டுச்சா?*
*அவசரம் ஒண்ணுமில்ல, மெதுவாத் தூங்கு.*

"இன்னொரு தடவை" என்றாள் மகள். இரண்டாவது தடவை அவளும் கூடவே மெல்ல முணுமுணுத்தாள்.