தொட்டியில் விட்ட விரல்

என் வீட்டுக்காரர் அடி வாங்கி நான் பார்த்தது ஒரே ஒரு தடவைதான். அவர் கொடுத்த அடிகளைப் பற்றி ராயபுரத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அவருக்கு விசைப்படகில் வேலை. காசிமேட்டில் படகைக் கட்டி நிறுத்துகிற இடத்துக்காக வந்த தகராறில், ஐஸ் உடைக்கிற கட்டையால் ஒருவன் தோள்பட்டையை இறக்கிவிட்டார். ஏற்கெனவே பழைய கேஸ்கள் இருந்ததால், இந்தத் தடவை நன்னடத்தைப் பத்திரம் எழுதி வாங்கிவிட்டார்கள். எங்கள் பக்கம் அதைப் பாண்டு என்பார்கள். ஒரு வருஷத்துக்கு யார்மேலும் கை வைக்கக் கூடாது. வைத்தால் மிச்ச மாதங்களைப் புழல் ஜெயிலில்தான் கழிக்க வேண்டும்.

பத்திரம் எழுதிக்கொடுத்துவிட்டு வந்த அன்று நானும் என் பங்குக்குச் சொன்னேன். "இன்னொரு வாட்டி எவன் மேலயாவது கைய வெச்சே, நீ ஜெயிலுக்குப் போ, நான் எங்க அப்பா வூட்டுக்குப் போறேன். அவ்ளோதான்." அப்பா தெற்கேயிருந்து வந்து தண்டையார்பேட்டையில் மளிகைக் கடை போட்டவர். மீன்பிடிக்கிற பையனைக் கட்டிக்கொண்டதற்காக என்னோடு பேசாமலிருந்தவர். நான் திரும்பிப் போனால் கதவைத் திறப்பாரா என்பதே சந்தேகம்தான். இருந்தாலும் அந்த மிரட்டல் வேலை செய்தது. அதற்குப் பிறகு டீக்கடையில் யாராவது சத்தம் போட்டாலே இவர் கிளாஸை வைத்துவிட்டு எழுந்து வந்துவிடுவார்.

மீன்பிடித் தடைக்காலத்தில் படகு கரையில் நின்றது. இவர் கரையில் இருக்கிற நாளெல்லாம் எங்கே என்ன வம்பு வருமோ என்று வாசலையே பார்த்துக்கொண்டிருப்பேன். அப்படி ஒரு நாள் நான் பல் பிடுங்கிக்கொள்ளப் போனபோது துணைக்கு வந்தார். அந்தப் பல் டாக்டரின் வரவேற்பறையில் கடல் மீன் தொட்டி ஒன்று இருந்தது. நான் உள்ளே போய்விட்டு வாயில் பஞ்சோடு வெளியே வருகிறவரை மனிதர் அதன் முன்னால் அசையாமல் உட்கார்ந்திருந்தார்.

"இத்தினி வருசம் மீன மேல இருந்துதாம்மே பாத்துக்கீறேன்" என்றார். "சைடுல இருந்து இப்பதான் பாக்கறேன்."

அன்றைக்கே நான் முடிவு கட்டிவிட்டேன். இந்த ஆளை வீட்டில் உட்கார வைக்க ஒரு தொட்டி போதுமென்றால் எப்பாடுபட்டாவது வாங்கிவிடுவது. வீடு காலி செய்துகொண்டு போன ஒருவரிடம் பழைய கண்ணாடித் தொட்டி அடிமாட்டு விலைக்குக் கிடைத்தது. மற்ற சாமானுக்காகக் காத்திருந்தபோது, பக்கத்திலேயே ஒரு கல்யாண மண்டபத்தில் கடல் மீன் தொட்டிக்காரர்கள் கண்காட்சி போடுகிறார்கள் என்று கேள்விப்பட்டோம்.

மண்டபத்தில் நுழைந்தால் எல்லாம் நீல வெளிச்சம். மணமேடை இருக்கிற இடத்தில்கூடத் தொட்டிகள். அழகுக்கென்று போன இடத்தில் காதில் விழுந்த பேச்செல்லாம் கொலைதான். இந்தப் பவளத்தை அந்தப் பவளத்துக்குப் பக்கத்தில் வைத்தால் ராத்திரியோடு ராத்திரியாக எரித்துவிடுமாம். இந்த இறால் நத்தையின் ஓட்டை ஒரே குத்தில் உடைக்குமாம். இருப்பதிலேயே மலிவாக நீல நிறத்தில் விரல் நீளத்துக்கு ஒரு மீன் இருந்தது. நான் ஆசையாகக் கேட்டதற்கு, "அக்கா, அது வாணாம். புதுசா வர்ற எல்லாத்தையும் கடிச்சே சாவடிச்சுடும்" என்றான் விற்கிறவன்.

"இதுகிட்டயும் பாண்டு எழுதி வாங்கணும்" என்று இவர் சொல்லிச் சிரித்தார். மாதக் கணக்கில் கேட்காத சிரிப்பு. எனக்கு அப்படியொரு சந்தோஷம்.

எதையும் பாதி விலைக்குக் கேட்காமல் வாங்கினால் எனக்குச் சோறு இறங்காது. பழைய மோட்டார் ஒன்று, ஓரத்தில் கீறல் விழுந்த விளக்கு ஒன்று, துளைத்துளையாக வெள்ளைக் கற்கள் கொஞ்சம் என்று பேரம் பேசிப் பேசியே தேற்றினேன். கடைசியாக ஆரஞ்சு நிறத்தில் வெள்ளைப் பட்டை போட்ட கோமாளி மீன்கள் ஒரு ஜோடி. தண்ணீர் நிரப்பிய பிளாஸ்டிக் பையில் கட்டிக் கொடுத்ததை இவர் இரண்டு கையாலும் வாங்கி, தூங்குகிற குழந்தையைப் போல மார்போடு வைத்துக்கொண்டார்.

மிச்சம் உப்பு மட்டும்தான். தொட்டித் தண்ணீரில் கலக்கத் தனி உப்பு வாளியில் விற்றார்கள். அந்தக் கடையில் குடுமி போட்ட ஒரு பையனும், கூட இரண்டு ஆட்களும் நின்றிருந்தார்கள்.

"கடலாண்ட குடியிருந்துகினு உப்ப காசு குடுத்து வாங்குவாங்களா? ஒரு கேன் எத்தாந்தா முடிஞ்சுது" என்றார் இவர்.

"எண்ணூர் பக்கம் ஆயில் கலந்த தண்ணி ஊத்துனா மீனு அன்னிக்கே காலி ப்ரோ. எங்க தொட்டியப் பாருங்க, கரெக்டான உப்பு" என்று குடுமி தன் கடைத் தொட்டியைக் காட்டினான்.

அங்கேதான் இவர் அந்தத் தப்பைச் செய்தார். படகுக்காரர்களுக்கு இது பழக்கம். முகத்துவாரத்தில் ஆற்றுத் தண்ணீர் எவ்வளவு கலந்திருக்கிறதென்று பார்க்க, விரலை நனைத்து நாக்கில் வைப்பார்கள். இவரும் பையை இடது கைக்கு மாற்றிக்கொண்டு, வலது கை விரலைத் தொட்டிக்குள் விட்டு, எடுத்து நாக்கில் வைத்தார். கை பட்டுப் பவளத் துண்டு ஒன்று சாய்ந்து விழுந்தது. பக்கத்திலிருந்த பவளமெல்லாம் வெடுக்கென்று சுருங்கிக்கொண்டது.

"உப்பு கம்மியா கீது நைனா" என்றார், உதவி செய்கிறவர் மாதிரி.

கம்மியில்லை. உப்பை அளக்கிற மீட்டர் பக்கத்திலேயே சரியான அளவைக் காட்டிக்கொண்டிருந்தது. குடுமி இவர் கையில் ஓங்கி ஒரு அறை விட்டான். "அறிவு கீதா? அது இன்னா வெல தெரியுமாடா உனக்கு? மீன் நாத்தத்தோட வர்றவனுங்கள உள்ள உட்டதே தப்பு!"

"தப்புதான் நைனா, தெரியாம வெச்சுட்டேன்" என்றார் இவர். கழுத்து நரம்பு புடைத்தது எனக்குத் தெரிந்தது. அந்த நரம்பு புடைத்தால் அடுத்து என்ன நடக்கும் என்றும் தெரியும். அதோடு விட்டிருந்தால் வீட்டுக்கு வந்திருப்போம். ஆனால் நாற்றம் என்ற வார்த்தை என் தலைக்கு ஏறிவிட்டது. "யாருடா நாத்தம்?" என்று அவன் சட்டைக் காலரைப் பிடித்தேன். அவன் என்னைத் தள்ளினான். மேஜை விளிம்பு இடுப்பில் இடித்துக் கீழே விழுந்தேன்.

இவர் எனக்கும் அவனுக்கும் நடுவில் வந்து நின்றார். பையை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்திருந்தார். அடிக்கத்தான் வருகிறார் என்று நினைத்து மூன்று பேரும் பாய்ந்தார்கள். முதல் குத்து வாயில். உதடு கிழிந்து ரத்தம் பையின் மேல் சொட்டியது. இரண்டாவது காதோரம். மூன்றாமவன் விளக்கு மாட்டுகிற கம்பியை எடுத்து முதுகில் இறக்கினான். அந்தச் சத்தம் இன்றைக்கும் என் காதில் இருக்கிறது. பை கீழே விழுந்து வெடித்தது. மீன்கள் தரையில் துள்ளின. இவர் மண்டியிட்டு இரண்டு கையாலும் மீன்களைக் கூட்டி எடுக்கப் பார்த்தார். எடுக்க எடுக்க விலாவில் உதைத்தார்கள். சுற்றி நின்றவர்கள் ஃபோனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

இந்த ஆள் எழுந்து ஒரு தட்டுத் தட்டியிருந்தால் அந்த மூன்று பேரும் சுருண்டு விழுந்திருப்பார்கள். எனக்குப் பாண்டு மறந்தது, புழல் மறந்தது. கொலைவெறி என்பார்களே, அதுதான். தொண்டை கிழியக் கத்தினேன்.

"அடிய்யா! யோவ், எழுந்து அடிய்யா! கைய ஒடைய்யா அவனுக்கு!"

இவர் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். வாயெல்லாம் ரத்தம். பார்த்துவிட்டு, மறுபடி குனிந்து மீனைத் தேடினார்.

நான்தான் அடித்தேன். குடுமியைப் பிடித்து இழுத்து, முகத்தில் நகத்தால் பிறாண்டினேன். கண்காட்சி நடத்துகிறவர்கள் ஓடிவந்து பிரித்துவிட்டார்கள். போலீஸ் வந்தால் கம்பி எடுத்தவன்தான் மாட்டுவான் என்று அவர்களுக்கும் தெரியும். "போயிடுங்க, கேஸு கீஸுன்னு வாணாம்" என்று கும்பிட்டார்கள். ஒரு மீன் யாருடைய காலிலோ நசுங்கிப்போயிருந்தது. இன்னொன்றுக்கு உயிர் இருந்தது. கோமாளி மீன் விற்றவன் ஓடிவந்து வேறு பையில் போட்டுக் கொடுத்தான்.

ஷேர் ஆட்டோவில் ஏறினோம். எதிர் சீட்டில் இருந்த அம்மா இவர் முகத்தைப் பார்த்துவிட்டுச் சேலையை இழுத்துக்கொண்டார். நான் முந்தானையால் உதட்டைத் துடைக்கப் போனேன். இவர் முகத்தை விலக்கிக்கொண்டார். அடி வாங்கியபோதுகூட அந்த முகத்தில் அப்படியொரு வலியை நான் பார்க்கவில்லை.

"பாண்டு பேப்பருக்கு பயந்துகினா நான் கைய கட்டிகினு கீறேன்?" என்றார் மெதுவாக. "புழல் எனக்குப் புச்சா? நீ வாணான்னே. அதான் நின்னேன். எவன் இன்னா பேசுனாலும் நீ சொன்னதுதாம்மே காதுல கேட்டுகினு இருந்துச்சு. இன்னிக்கு நீயே அடின்னுட்டே. இனிமே எவனாவது என்ன அடிச்சா, நான் யாரு சொன்னத நெனச்சுக்கறது?"

ஆட்டோ நிறைய ஆட்கள். அத்தனை பேர் முன்னாலும் வாய்விட்டு அழுதேன்.