நெஞ்சில் ஒட்டிய கோழிப் படம்

நாமக்கல்லுக்கு வெளியே ஒரு கோழிப் பண்ணையில், முட்டை தரம் பிரிக்கும் கொட்டகைக்கு நான் சூப்பர்வைசர். என் பொறுப்பில் அறுபத்தெட்டுப் பெண்கள். சில வருடங்களுக்கு முன் வெளிநாட்டு வியாபாரிகள் பண்ணையைப் பார்க்க வருவதாக ஏற்பாடானது. முதலாளியின் மகன் என்னைக் கூப்பிட்டு, எல்லோருக்கும் ஒரே மாதிரி டி-ஷர்ட் அடிக்க வேண்டும் என்றார்.

"போடப்போறது நீங்கதானுங்கக்கா. துணி, பிரிண்டு எல்லாம் உங்காளுகளையே கேட்டு முடிவு பண்ணுங்க."

அந்த வார்த்தையை நான் அப்படியே நம்பினேன். இன்று நினைத்தாலும் முதலில் என் மேல்தான் ஆத்திரம் வருகிறது.

சாப்பாட்டு நேரத்தில் எல்லோரையும் உட்கார வைத்துக் கேட்டேன். அவர்கள் அதுவரை சேலைக்கு மேல் புருசனின் பழைய முழுக்கைச் சட்டையைப் போட்டுக்கொண்டுதான் வேலை செய்தார்கள். கை நீளமாக வேண்டும், அழுக்குத் தெரியாத நிறம் வேண்டும், பருத்தியாக இருக்க வேண்டும் என்றார்கள். முட்டைத் தட்டு கழுவும் பெண் ஒருத்தி, ஐந்து மாதக் கைக்குழந்தைக்காரி, கூச்சத்தோடு சொன்னாள்: "முன்னால ஒண்ணும் எழுத வேண்டாங்கக்கா. எழுதோணும்னா முதுகுல எழுதச் சொல்லுங்க."

குமாரபாளையத்தில் ஒரு பிரிண்டிங் கடைக்குப் போனேன். தறி ஓடிய கொட்டகையில் இப்போது பிரிண்டிங் மேசைகள் கிடந்தன. கடைக்காரர் மூன்று டி-ஷர்ட்டுகளை எடுத்துப் போட்டார். ஒன்று ஸ்கிரீன் பிரிண்ட். சட்டத்தில் இழுத்துக் கட்டிய வலை வழியாக மையைத் தேய்த்து இறக்குவது. மை பருத்தியில் ஊறிப் பிடித்துக்கொள்ளும், ஆனால் ஒவ்வொரு நிறத்துக்கும் தனிச் சட்டம் போட வேண்டும். இன்னொன்று சப்ளிமேஷன். தாளில் அச்சடித்த மையைச் சூட்டில் ஆவியாக்கித் துணிக்குள் ஏற்றுவது. எத்தனை நிறமும் வரும், ஆனால் பாலியஸ்டரில், அதுவும் வெளிர் நிறத் துணியில்தான். மூன்றாவது ஸ்டிக்கர். படத்தை மெல்லிய பிளாஸ்டிக் தாளில் அச்சடித்து, சூட்டுத் தகட்டால் அழுத்தித் துணியில் ஒட்டுவது.

"பாக்கறதுக்கு ஸ்டிக்கர்தானுங்க பளிச்சுன்னு இருக்கும்" என்றார். "ஆனா படம் பெருசாப் போச்சுன்னா அந்த எடத்துல காத்தே போகாது. நெஞ்சுல பாலிதீன் கவரைக் கட்டுன மாதிரிதான்."

மூன்றையும் வாங்கி வந்து யாருக்கும் கொடுக்காமல் நானே போட்டுப் பார்த்தேன். ஒரு நாளைக்கு ஒன்று. தட்டு கழுவும் அறையில் வெந்நீரின் ஆவி எந்நேரமும் நிற்கும். சித்திரை மாதம் வேறு. ஸ்டிக்கர் போட்ட அன்று மத்தியானத்துக்குள் நெஞ்செல்லாம் அரிக்க ஆரம்பித்துவிட்டது. பாலியஸ்டர் வேர்வையைக் குடிக்கவே இல்லை, நனைந்து உடம்போடு ஒட்டிக்கொண்டது. ஸ்கிரீன் பிரிண்ட் போட்ட நாளில்தான் டி-ஷர்ட் போட்டிருப்பதே மறந்துபோனது. கருநீலப் பருத்தி, முழுக்கை, முதுகில் வெள்ளை மையில் பண்ணைப் பெயர் மட்டும் என்று முடிவு செய்தேன். பெண்கள் எல்லோரும் சரி என்றார்கள். கடைக்காரரிடம் சொல்லிவிட்டு, முதலாளி மகனிடமும் சொன்னேன். தலையை ஆட்டினார்.

பத்து நாளில் மூட்டை வந்தது. ஒன்றைப் பிரித்து விரித்துப் பார்த்தேன். பாலியஸ்டர், அரைக்கை. கழுத்திலிருந்து வயிறு வரைக்கும் ஒரு கோழி, கூடை நிறைய முட்டை, பின்னால் சூரியன். எல்லாம் ஒரே தாளாக ஒட்டிய ஸ்டிக்கர். கடைக்காரருக்குப் போன் போட்டுக் கத்தினேன்.

"என்னைத் திட்டாதீங்கக்கா. உங்க சின்ன முதலாளியே கூப்புட்டு மாத்தச் சொல்லிட்டாருங்க. போட்டோவுல நல்லாத் தெரியோணும்னாரு."

வியாபாரிகள் வருவதற்கு நான்கு நாள் முன்பிருந்தே போட்டுப் பழக வேண்டும் என்று உத்தரவு. இரண்டாம் நாளே ஏழெட்டுப் பேருக்கு வேர்க்குரு போல் சிவந்துவிட்டது. கைக்குழந்தைக்காரிதான் ரொம்பப் பட்டாள். நெஞ்செல்லாம் தடித்துக் கொப்புளம் கண்டு, பிள்ளைக்குப் பால் கொடுக்க முடியாமல் அழுதாள். வியாபாரிகள் வந்த அன்று காலையில் அவள் புருசனின் பழைய சட்டையைப் போட்டுக்கொண்டு வந்தாள். முதலாளி மகன் தூரத்திலிருந்தே பார்த்துவிட்டார்.

"அந்தப் பொண்ணை ஊட்டுக்குப் போகச் சொல்லுங்கக்கா. வரிசையில தனியாத் தெரியுது."

நான் போய்ச் சொன்னேன். ஆமாம், என் வாயால்தான் சொன்னேன். அவள் சோற்றுப் போசியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

வந்தவர்கள் கொட்டகையைச் சுற்றிப் பார்த்தார்கள். அவர்களோடு வந்த மொழிபெயர்ப்பாளர், டி-ஷர்ட் நன்றாக இருக்கிறதே என்றார். முதலாளி மகன் சிரித்துக்கொண்டே, "எல்லாம் லேபரே செலக்ட் பண்ணுனதுங்க" என்றார்.

"இல்லைங்க" என்றேன் நான். என் குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது. "நாங்க கேட்டது இது இல்லைங்க. இதைப் போட்டு உடம்பெல்லாம் புண்ணாயிருக்குதுங்க."

மொழிபெயர்ப்பாளர் என்னைப் பார்த்தார், முதலாளி மகனைப் பார்த்தார். பிறகு வியாபாரிகளிடம் ஏதோ இரண்டே வார்த்தை சொன்னார். அவர்கள் என்னைப் பார்த்துக் கட்டை விரலை உயர்த்திக் காட்டினார்கள். நான் சொன்னதை அவர் எப்படி மாற்றிச் சொன்னார் என்று இன்றுவரை தெரியாது. எல்லோரையும் நிற்க வைத்துப் படம் எடுத்துக்கொண்டு போனார்கள்.

மறுநாள் டி-ஷர்ட்டுகளை இரண்டு சாக்கில் கட்டி, முதலாளி மகனின் மேசை மேல் வைத்தேன். வேலையே போனாலும் சரி என்றுதான் போனேன். "இதை இனி எங்காளுக போட மாட்டாங்க தம்பி."

அவர் ஆச்சரியமாக நிமிர்ந்து பார்த்தார். "இனி யாருங்கக்கா போடச் சொன்னா? அவங்கதான் வந்துட்டுப் போயிட்டாங்களே."

அந்த ஏ.சி. அறையில் எனக்கு உடம்பு முழுக்கத் தீப்பிடித்த மாதிரி இருந்தது. ஒரு படம் எடுக்கிற நேரத்துக்காக அடித்த துணி. அதற்காக அறுபத்தெட்டுப் பேரை உட்கார வைத்து, கை நீளம் என்ன, நிறம் என்ன என்று நான் கேட்டிருக்கிறேன். மூன்று நாள் வெந்நீர் ஆவியில் நின்று பார்த்திருக்கிறேன். கதவை அறைந்து சாத்திவிட்டு வந்தேன். அவ்வளவுதான் என்னால் முடிந்தது.

ஞாயிற்றுக்கிழமை நாமகிரிப்பேட்டைப் பக்கம் அந்தப் பெண்ணின் வீட்டுக்குப் போனேன். கொப்புளம் ஆறிக்கொண்டிருந்தது. வேலைக்கு வரச் சொன்னேன்.

"நூல் மில்லுல சொல்லி வெச்சுட்டனுங்கக்கா. அங்க வாரதாச் சொல்லிட்டேன்" என்றாள். பிள்ளையைத் தோள் மாற்றிப் போட்டுக்கொண்டு சொன்னாள்: "நீங்க எங்களைக் கேட்டிருக்கவே வேண்டாம். கேக்காம குடுத்திருந்தா இவ்வளவு வலிச்சிருக்காது."

இந்த வருடம் அந்த வியாபாரிகள் திரும்பவும் வருகிறார்களாம். முதலாளி மகன் போன வாரம் கூப்பிட்டார். இந்த முறை தொப்பி அடிக்க வேண்டுமாம். "எந்த மாதிரி வேணும்னு உங்காளுகளைக் கேட்டுச் சொல்லுங்கக்கா" என்றார்.

"நான் கேக்க மாட்டேன்" என்றேன். "உங்களுக்குப் புடிச்சதை நீங்களே அடிச்சுக்குங்க. போட்டோவுக்கு எத்தனை நிமிசம் போடோணும்னு மட்டும் எழுதிக் குடுங்க. அதுக்கு மேல ஒரு நிமிசம் யாரும் போட மாட்டாங்க."

அவர் இன்னும் எழுதிக் கொடுக்கவில்லை. தினமும் காலையில் அவர் அறைக்குப் போய்க் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.