மூன்றாம் தட்டு ஆரஞ்சு

சேலையைக் கையில் வாங்கியதும் அப்துல் ஜலீல் அதைப் பார்ப்பதில்லை. கொண்டுவந்தவளின் முகத்தைத்தான் பார்க்கிறார். "இதுக்கு நீங்க என்ன கலருன்னு பேரு சொல்லுவீக, ஆத்தா?" என்று கேட்கிறார். மனுஷன் சோதனை வைக்கிறார் என்று நினைத்துக்கொண்டு வந்தவர்களும் சிரித்தபடி சொல்லிவிடுகிறார்கள். சொன்ன மறுவிநாடி அவர் கை தட்டுக்குப் போய், கேட்ட துணியை உருவிக்கொண்டு வந்துவிடும்.

உத்தமபாளையம் கடைவீதியில் இருபத்தாறு வருடமாக ஜாக்கெட் துணி, லைனிங், நூல் விற்கிற மேட்சிங் கடை அவருடையது. பத்துக்குப் பத்து இடம், சுவர் முழுக்கத் தட்டுகள். பாய் எடுத்துக் கொடுத்தால் மறுபேச்சு இல்லை என்று சுற்றுவட்டாரத் தையல்காரர்கள் எல்லாம் கண்ணை மூடிக்கொண்டு ஆளனுப்புவார்கள். எந்தத் தட்டில் எந்த நிறம் என்பது அவருடைய விரல்களுக்கு அத்துப்படி. இப்போதெல்லாம் விரல்களுக்கு மட்டும்தான் அத்துப்படி என்பது யாருக்கும் தெரியாது.

ஒன்றரை வருடமாக நிறங்கள் அவரிடம் சொல்லாமல் கொள்ளாமல் போய்க்கொண்டிருக்கின்றன. முதலில் நேவி புளூவும் கறுப்பும் ஒன்றாயின. லாவண்டர் சாம்பலானது. இந்தப் பொங்கலோடு பிங்க்கும் ஆரஞ்சும் சேர்ந்து டீத்தூள் கறை மாதிரி ஆகிவிட்டன. அவரைப் பெற்ற அத்தாவுக்கும் ஐம்பத்தைந்தில் இப்படித்தான் ஆரம்பித்தது. நிறம் போய், முகங்கள் போய், கடைசிப் பத்து வருடம் சுவரைத் தடவித் தடவிப் பள்ளிவாசலுக்குப் போய்வந்தார். ஜலீலுக்கு இப்போது ஐம்பத்தாறு. தேனிக்குப் பஸ் ஏறினால் ஒரு மணி நேரத்தில் கண் டாக்டரைப் பார்த்துவிடலாம். பார்த்தால் சொல்லிவிடுவார்களே என்ற பயத்தில்தான் போகவில்லை. மனைவி ரம்லத்திடம்கூட மூச்சு விடவில்லை.

பயத்தை மூடிவைக்க வாய் உதவுகிறது. யாராவது ஆரஞ்சு என்று சொல்லிவிட்டால் போதும், பிடித்துக்கொள்வார்.

"ஆரஞ்சுன்னா வெள்ளக்காரன் வச்ச பேருன்னு நெனச்சீகளா? நம்ம நாரத்தங்காதான் அது! மலைக்கு அங்கிட்டு மலையாளத்துல நாரங்கான்னு சொல்றாகள்ல, அந்தச் சாதி. அரபு யாவாரி அத நாரஞ்சுன்னான். வெள்ளக்காரன் வாய்க்குப் போகையில முன்னெழுத்து உதுந்துபோயி ஆரஞ்சாயிருச்சு. அந்தப் பழம் போய்ச் சேர்ற வரைக்கும் அவென் ஊருல அந்தக் கலருக்குப் பேரே கெடையாது. மஞ்சச்செவப்புன்னு சொல்லிக்கிட்டுத் திரிஞ்சிருக்கான்!"

போனில் யாரோ அனுப்பியதைப் படித்தது பாதி, சொந்தச் சரக்கு பாதி. கேட்கிறவர்கள் சிரிப்பார்கள். அவருக்குத்தான் உள்ளே கிலி பிடிக்கும். அந்த வெள்ளைக்காரனிடம் நிறம் இருந்தது, பேர்தான் இல்லை. இவரிடம் பேர் மட்டும் மிச்சம்.

போன வியாழக்கிழமை கோம்பையிலிருந்து யுவராணி வந்தாள். தையல்கடை வைத்திருப்பவள். அவள் ஒரு கடையை நல்ல கடை என்றால் அந்தப் பக்கத்துத் தையல்காரிகள் அத்தனை பேரும் அங்கேதான் போவார்கள். வேண்டாம் என்றால் ஒருத்தியும் போக மாட்டாள்.

"ஆரஞ்சுப் பட்டுச் சீலைக்கு ஜாக்கெட்டுத் துணி, பாய். கல்யாணப் பொண்ணுக்கு நாளைக்குக் காலைல முகூர்த்தம். சுருக்கக் குடுங்க, பஸ்ஸு கெளம்பிரும்."

மற்ற நாளில் வெயிலில் காட்டிய பிறகே வெட்டுவார். அன்று அவசரம். நாரத்தங்காய்க் கதையைச் சொல்லிக்கொண்டே மூன்றாம் தட்டில் கையை விட்டார், ஒரு மீட்டர் அளந்தார், வெட்டினார். பிறகுதான் சேலையையும் துணியையும் வாசலுக்குக் கொண்டுபோய் விரித்தார்.

"டியூப்லைட்டு பொய் சொல்லும் தாயி, வெயிலு சொல்லாது. பாரு, அந்தச் சீலையிலயே பெறந்த மாதிரி இருக்கு."

யுவராணி சிரிக்கவில்லை. துணியைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். "பாய், இது ராணி பிங்க்குல்ல?" என்றாள் மெதுவாக.

உள்ளே துணி மடித்துக்கொண்டிருந்த ரம்லத் குரல் கொடுத்தாள். "அந்தத் தட்டுல எலி மோண்டு வச்சிருந்துச்சு. நேத்து நீங்க அஸர் தொழுகைக்குப் போனப்ப எல்லாத்தையும் எறக்கித் தொடச்சு மாத்தி அடுக்குனேன்." அவள் கை மடிப்பதை நிறுத்தியது. "அதுக்கென்ன, கண்ணால பாத்துத்தான வெட்டுனீக?"

ஜலீல் நாரத்தங்காய்க் கதையை மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார்.

"விடுங்க பாய், அவசரத்துல யாருக்கும் வர்றதுதான். வேற வெட்டிக் குடுங்க," என்றாள் யுவராணி. அவள் பெரிய மனதுடன்தான் சொன்னாள். அது அவரை இன்னும் பயமுறுத்தியது. வெட்டுவதற்கு எந்தத் தட்டுக்குப் போவது?

"ரம்லத், இங்கன வா," என்றார்.

அவள் வாசலுக்கு வந்தாள். ஜலீல் இடது கண்ணை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு, வெயிலில் கிடந்த இரண்டு துணிகளையும் குனிந்து பார்த்தார். பிறகு வலது கண்ணைப் பொத்திப் பார்த்தார். கடைசியில் இரண்டு கண்களையும் மூடிக்கொண்டு, "ரெண்டும் ஒண்ணாத்தான் தெரியுது," என்று அவள் நின்ற பக்கமாகக் கையை நீட்டினார்.