பூஜைக்கு வைத்த நோட்டு

லேபிள் எழுதுவதில் எங்கப்பாவை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறந்ததும் என் நோட்டுகளை வரிசையாக அடுக்கி வைத்துக்கொண்டு, தடித்த பேனாவால் 'எழிலரசி' என்று என் பெயரையும் வகுப்பையும் பாடத்தையும் எழுதுவார். அச்சில் வார்த்த மாதிரி இருக்கும். 'ழ' வந்துவிட்டால் மட்டும் மனிதருக்குக் கை நிற்காது. அதற்கு ஒரு வால் விடுவார். அது கோட்டைத் தாண்டிக் கீழே இறங்கி, ஒரு சுற்றுச் சுற்றித்தான் நிற்கும். வகுப்பில் டீச்சர் ஆசையாக என் நோட்டைத்தான் முதலில் எடுப்பார். உள்ளே நான் கிறுக்கி வைத்திருப்பதைப் பார்த்ததும் அவர் முகம் போகிற போக்கைச் சொல்லி மாளாது.

அப்பா அருள்புரத்தில் ஒரு பனியன் கம்பெனியில் சூப்பர்வைசராக இருந்தார். அங்கே சுவரில் ஒட்டுகிற அறிவிப்பு அத்தனையும் அவர் கைதான். 'இந்த ஞாயிறு வேலை உண்டு' என்ற வயிற்றெரிச்சல் பிடித்த செய்தியைக்கூட ஆட்கள் நின்று ரசித்துவிட்டு, அப்புறம்தான் திட்டுவார்களாம். இதை அப்பாவே சொல்லிச் சிரிப்பார். எனக்கும் பெருமை தாங்காது.

அப்பாவின் தங்கை, அதாவது என் அத்தை, வக்கீல். கோர்ட்டுக்குப் பின்தெருவில் ஒரு மாடியறைதான் ஆபீஸ். அம்மாவும் வேலைக்குப் போனதால், பள்ளிக்கூடம் விட்டதும் நான் அங்கேதான் போய் உட்காருவேன். அத்தையிடம் வருகிறவர்களில் பாதிப்பேருக்குத் தமிழ் வராது. ஒடிசா, பீகார், ஜார்கண்ட் என்று எங்கிருந்தெல்லாமோ ரயிலேறி வந்து, எங்கள் ஊர் கம்பெனிகளில் தைக்கிறவர்கள், மடிக்கிறவர்கள். சுவரோரம் வரிசையாகச் செருப்பைக் கழற்றிவிட்டு, நாற்காலி இருந்தாலும் தரையிலேயே உட்காருவார்கள். "ஏனுங்க, சேர்ல உட்காருங்க. இது நம்மூடு மாதிரி" என்று அத்தை சொல்லிக்கொண்டே இருப்பாள். அவர்களுக்குப் புரியாது. சிரிப்பார்கள்.

நான் ஆறாம் வகுப்புப் படித்த வருடம் சுரேன் என்று ஓர் ஒடிசாக்காரர் வாரம் தவறாமல் வந்தார். அவர் தங்கை பசந்தி எங்கள் அப்பாவின் கம்பெனியில்தான் வேலை பார்த்தாள். கம்பெனிக்குப் பின்னாலேயே விடுதி. அவளுக்கு வயது பத்தொன்பது. ஊரில் அவர்களுடைய அம்மா படுத்த படுக்கையாகக் கிடக்க, "ஊருக்குப் போகணும்" என்று பசந்தி மூன்று மாதமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். "ஷிப்மெண்ட் முடியட்டும்" என்பது கம்பெனியின் பதில். ஒரு ஷிப்மெண்ட் முடிந்தால் அடுத்தது வரிசையில் நிற்கும். ஆதார் அட்டை ஆபீஸ் பீரோவில் இருந்தது. கையில் போன் கிடையாது. சுரேன் ஞாயிற்றுக்கிழமை போய் நின்றால், பெற்றவர்களை மட்டும்தான் உள்ளே விடுவோம் என்று கேட்டிலேயே திருப்பி அனுப்பினார்கள். படுக்கையில் கிடக்கிற அம்மா ஒடிசாவிலிருந்து எப்படி வருவார் என்று கேட்டால் கதவைச் சாத்தினார்கள்.

அத்தை முதலில் அப்பாவிடம்தான் கேட்டாள். "ஹாஸ்டல் சமாச்சாரம் எனக்குத் தெரியாது அம்மிணி" என்றார் அப்பா. அத்தை நம்பினாள். அண்ணன் சொன்னால் அவளுக்கு அது போதும். பிறகு கலெக்டர் ஆபீஸில் மனு எழுதிப் போட்டாள். அதிகாரிகள் கம்பெனிக்குப் போனார்கள், டீ குடித்தார்கள், ஒரு தாளின் நகலை வாங்கிக்கொண்டு வந்துவிட்டார்கள்.

அந்த நகல் அத்தையின் மேஜைக்கு வந்த அன்று நான் பக்கத்தில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தேன். எழுதிக்கொண்டிருந்தேன் என்பது அத்தை நினைத்துக்கொண்டிருந்தது. உண்மையில் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். 'நான் என் சொந்த விருப்பத்தின் பேரில் விடுதியில் மகிழ்ச்சியுடன் தங்கியிருக்கிறேன். என்னை யாரும் தடுக்கவில்லை' என்று தமிழில் எழுதியிருந்தது. அடியில் ஜிலேபி ஜிலேபியாக ஒரு கையெழுத்து. அது பசந்தியுடையது. நான் ஜிலேபியைப் பார்க்கவில்லை. 'மகிழ்ச்சி'யைப் பார்த்தேன். அதிலிருந்த ழகரத்தின் வால் கோட்டைத் தாண்டி இறங்கி ஒரு சுற்றுச் சுற்றி நின்றது.

"ஐ, அத்தே! இது எங்கப்பா எழுத்து!" என்று கைதட்டினேன்.

அத்தை என்னைப் பார்த்தாள். தாளைப் பார்த்தாள். சபாஷ் என்று சொல்லுவாள் என எதிர்பார்த்தேன். கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

அன்று சாயங்காலம் என்னைக் கொண்டுவந்து விட்டவள் வண்டியை அணைத்துவிட்டு உள்ளே வந்தாள். அம்மா என்னைத் துணி மடிக்கச் சொல்லி அடுத்த அறைக்கு விரட்டினாள். ஒரு பாவாடையை நாலு தடவை மடித்துக்கொண்டு காதை இந்தப் பக்கமே வைத்திருந்தேன்.

"அந்தப் புள்ளைக்குத் தமிழ் படிக்கத் தெரியாதுங்கண்ணா. உங்களுக்கு அது தெரியுமல்லங்க?"

அப்பா நாற்காலியை நகர்த்துகிற சத்தம் கேட்டது.

"தெரியும்" என்றார் அப்பா. அப்புறம், "மேனேஜர் எழுதச் சொன்னாரு. எழுதுனேன்."

அத்தை சட்டென்று எழுந்துகொண்டாள். காபியைக்கூடத் தொடாமல் போய்விட்டாள். எங்கள் பக்கத்தில் வந்தவர்கள் ஒரு வாய் தண்ணியாவது குடிக்காமல் படியிறங்கினால் அது சாமானிய விஷயமில்லை. அம்மா அந்தக் காபி டம்ளரையே பார்த்துக்கொண்டு நின்றாள். நான் கோள் சொல்லிவிட்டேன் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. ராத்திரி தட்டில் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன். அப்பா என்னை ஒரு சொல் திட்டியிருந்தாலும் தேவலை. அவரோ "சாப்புடு கண்ணு" என்று மட்டும் சொன்னார். அதற்கே எனக்கு அழுகை வந்துவிட்டது.

பத்து நாள் அண்ணனும் தங்கையும் பேசிக்கொள்ளவில்லை. அதற்குள் ஆயுத பூஜை வந்தது.

அன்று ஒருநாள் மட்டும் கம்பெனியில் குடும்பத்தோடு வரலாம். மெஷினுக்கெல்லாம் சந்தனம் குங்குமம் வைத்து, வாழைக்கன்று கட்டி, எல்லாருக்கும் பொரியும் கடலையும் இனிப்பும் கொடுப்பார்கள். விடுதிப் பெண்களும் நல்ல துணி உடுத்திக்கொண்டு கீழே வருவார்கள். நான் வருடா வருடம் பொரிக்காகவே போவேன். அந்த வருடம் அப்பா, "புதுக் கணக்கு நோட்டை எடுத்துக்க கண்ணு. கம்பெனி பூஜையிலயே வெச்சுக்கலாம்" என்றார். பூஜையில் வைத்த நோட்டை விஜயதசமி வரைக்கும் யாரும் தொடக்கூடாது, திறக்கக்கூடாது. கணக்குக்கு இரண்டு நாள் விடுதலை கிடைப்பதை வேண்டாம் என்று சொல்ல நானென்ன பைத்தியமா?

கட்டிங் மேஜையோரம் நாலைந்து பெண்கள் உட்கார்ந்து பொரியில் கடலை கலந்துகொண்டிருந்தார்கள். அப்பா என்னை அங்கே கூட்டிப்போனார். பச்சைத் துப்பட்டா போட்ட மெலிந்த பெண்ணிடம் தன் அரைகுறை இந்தியில் இரண்டு வரி தாழ்ந்த குரலில் சொன்னார். அவள் தலை சட்டென்று நிமிர்ந்தது. உன் அண்ணன் கேட்கிறான், எல்லாத்தையும் எழுது என்பதுதான் அந்த இரண்டு வரி. அதுவும், அவள்தான் பசந்தி என்பதும் எனக்கு அத்தை சொல்லி, பிறகு தெரிந்தது. அப்பா என் பக்கம் திரும்பி, "இந்த அக்கா அவங்க பாஷையில சரஸ்வதிக்கு எழுதட்டும். நோட்டைக் குடு. பக்கத்துலயே இரு" என்றார். பேனாவைத் தன் சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்துவிட்டு வாழைக்கன்று கட்டுகிற இடத்துக்குப் போய்விட்டார்.

ஓம் என்றோ ஸ்ரீ என்றோ ஒரு வரி எழுதுவாள் என்று பார்த்தால், அவள் பாட்டுக்கு எழுதிக்கொண்டே போனாள். என் இருநூறு பக்க நோட்டு! முதல் பக்கம் முழுக்க ஜிலேபி. மறுபக்கமும் ஜிலேபி. நடுநடுவே மூக்கை உறிஞ்சினாள். எனக்குக் கோபம் கோபமாக வந்தது. அந்தக் கோபத்தில் அவள் கலந்து வைத்த பொரியில் பாதியைத் தின்று தீர்த்தேன்.

விடுதி வார்டன் அம்மா வந்து நின்றாள். "என்ன இது, என்னத்தை எழுதறா இவ?"

"சரஸ்வதிக்கு எழுதறாங்க. அவங்க பாஷையிலங்க" என்றேன்.

பசந்தியின் பேனா நின்றது. வார்டன் நோட்டை வாங்கிப் பார்த்தாள். அவளுக்கும் ஜிலேபிதான் தெரிந்திருக்கும். "எந்தப் பாஷையா இருந்தா என்ன, சாமிக்கு எழுதறது நல்லதுதான்" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அட்டையில் தன் கையாலேயே சந்தனம் வைத்து, குங்குமம் வைத்து, சரஸ்வதி படத்துக்கு முன்னால் அடுக்கியிருந்த கம்பெனிக் கணக்குப் புத்தகங்களின் உச்சியில் கொண்டுபோய் என் நோட்டையும் வைத்தாள். மேனேஜர் கற்பூரம் காட்டினார். எல்லாரும் கும்பிட்டோம். அப்பா மட்டும் வெகுநேரம் கண்ணைத் திறக்கவில்லை. இத்தனை பக்தி இவருக்கு எப்போது வந்தது என்று நினைத்தேன்.

விஜயதசமியன்று காலையில் அப்பா மறுபூஜைக்குப் போய் நோட்டைக் கொண்டுவந்தார். "இதை உங்க அத்தைகிட்ட குடுத்துரு. கணக்குல ஒரு சந்தேகம்னு சொல்லு."

"எனக்கு ஒரு சந்தேகமும் இல்லீங்கப்பா."

"எனக்கு இருக்குது கண்ணு. போய்க் குடு."

அத்தை அட்டையைத் திறந்தாள். முதல் பக்கத்தைப் பார்த்தாள், திருப்பினாள், மூடினாள். மூடிய நோட்டின்மேல் கையை வைத்துக்கொண்டு, "அப்பா சாப்புட்டாரா?" என்று கேட்டாள். பத்து நாளுக்குப் பிறகு அண்ணனைப் பற்றி அவள் கேட்ட முதல் கேள்வி அது. எனக்கு நிம்மதியாக இருந்தது. நோட்டைத் திருப்பித் தராததுதான் வருத்தம்.

அத்தை அந்த நோட்டோடு மறுபடியும் மனுப் போட்டாள். அதன் விசாரணைக்கு அப்பாவையும் கூப்பிட்டிருந்தார்கள். அம்மாவுக்கு வேலை இருந்ததால் நானும் கூடப் போனேன். ஒடியா தெரிந்த ஒருவர் என் நோட்டில் இருந்ததைத் தமிழில் எழுதி அதிகாரியிடம் கொடுத்தார். பசந்தியை வரவழைத்து நேரிலும் கேட்டார்கள். அதிகாரி தமிழ்த் தாளைத் தூக்கிப் பிடித்து, "அப்ப இதை எழுதுனது யாரு?" என்றார். "ஆபீஸ்ல யாரோ எழுதுனதுங்க" என்றார் மேனேஜர்.

கடைசி பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அப்பா எழுந்தார். "நான் எழுதுனதுங்க. அந்தப் புள்ளைகிட்டப் படிச்சுக் காட்டலைங்க. என்ன எழுதியிருக்குதுன்னு தெரியாமத்தான் அது கையெழுத்துப் போட்டுதுங்க."

அப்பாவைப் பிடித்துக்கொண்டு போய்விடுவார்களோ என்று அவர் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டேன். அத்தை சுவர்ப் பக்கம் திரும்பி நின்றுகொண்டாள். நல்லவேளை, அப்பாவை யாரும் பிடித்துக்கொண்டு போகவில்லை. பசந்தியின் ஆதார் அட்டை அன்றே அவள் கைக்கு வந்தது. அண்ணனோடு வெளியே போகிறபோது என்னிடம் நின்று, நோட்டுக்காகவோ என்னவோ, மன்னிப்புக் கேட்பதுபோல இரண்டு காதையும் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "பரவால்லீங்க்கா" என்றேன், பெரிய மனசோடு. அந்த வாரமே ரயிலேறிவிட்டாள். அம்மாவைப் பார்த்துவிட்டேன் என்று போன் வந்ததாக அத்தை சொன்னாள்.

விசாரணைக்கு மறுநாளிலிருந்து அப்பா வேலைக்குப் போகவில்லை. "அந்தக் கம்பெனி நமக்குத் தூரம் கண்ணு" என்றார். இரண்டு மாதம் வீட்டிலேயே இருந்து என்னைப் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விட்டார். எனக்கு ஒரே கொண்டாட்டம். பிறகு முதலிபாளையத்தில் ஒரு சின்ன யூனிட்டுக்குப் போனார். எங்கள் வீட்டிலிருந்து அது இன்னும் தூரம் என்பதைக்கூட நான் யோசித்துப் பார்க்கவில்லை.

போன மாதம் அத்தை ஆபீஸை மாற்றினாள். பழைய ஃபைல்களைக் கட்டப் போனபோது, பசந்தி எழுதியதன் தமிழாக்கம் கையில் கிடைத்தது. 'என் அம்மாவைப் பார்க்க வேண்டும். என்னைப் போகவிடுங்கள். அந்தத் தமிழ்த் தாளில் என்ன இருக்கிறது என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. எழுதியவரும் சொல்லவில்லை. இன்று இந்த நோட்டைத் தந்தது அவர்தான். பேனாவைக் கொடுத்தபோது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.' நின்ற இடத்திலேயே உட்கார்ந்து அழுதேன். நான் அவள் பக்கத்திலேயேதான் இருந்தேன். பொரியைத் தவிர வேறு எதையும் பார்க்கவில்லை.

அந்த வருடம் அத்தை வாங்கித் தந்த புது நோட்டைப் பற்றிச் சொல்லத்தான் ஆரம்பித்தேன், எங்கோ போய்விட்டேன். விசாரணை முடிந்த சாயங்காலமே அத்தை ஒரு புதுக் கணக்கு நோட்டோடு வீட்டுக்கு வந்தாள். உட்கார்ந்து ஐந்து தோசை தின்றாள். நான் லேபிளை ஒட்டி, தடித்த பேனாவோடு அப்பாவிடம் போனேன். பேனாவை வாங்கினார். மூடியைக் கழற்றினார். திரும்ப மூடினார்.

"நீயே எழுது கண்ணு."

"ஏனுங்கப்பா?"

"என்ற எழுத்து வேண்டாஞ்சாமி."

கோள் சொன்னதற்குத் தண்டனை என்று முடிவுகட்டிவிட்டேன். வெகு காலம் அப்படித்தான் நினைத்துக்கொண்டும் இருந்தேன். அழுகையை அடக்கிக்கொண்டு அங்கேயே குப்புறப் படுத்து எழுதினேன். எழுத்தெல்லாம் சரிந்து சரிந்து கீழே போயிற்று. அப்பாவைச் சமாதானப்படுத்த எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். 'எழிலரசி'யின் ழகரத்துக்கு அவரைப் போலவே நீளமாக ஒரு வால் விட்டு, ஒரு சுற்றுச் சுற்றி, அவர் முகத்துக்கு நேராக நீட்டினேன்.

அப்பா அதைப் பார்த்தார். எழுந்து வாசலுக்குப் போய்விட்டார். வால் சரியாக வரவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.